பொன்னுத்தாயி அம்மாவின் நாய்க்குத் தெருவே வைத்த சோறு

செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு முன்னால் தீவன மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பொன்னுத்தாயி அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடன், "வெள்ளிக்கிழமைதாம்மா மூட்டை ஏத்துவேன். அதுக்குள்ள தீராது. கணக்குப் போட்டுத்தான் குடுத்திருக்கேன்" என்றேன். மறுமுனையில் பேசியது அவர் இல்லை. எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்கா.

"தம்பி, பொன்னுத்தாயி மதினி போயிருச்சுங்க."

பூண்டுக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர் வரப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது மூச்சு நின்றிருந்தது. அக்கா அழுதுகொண்டே இதையெல்லாம் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "பூபதி காட்டுலயே படுத்துக் கெடக்கான். கூப்பிட்டா வரமாட்டேங்குறான். காலையில இருந்து ஒண்ணும் திங்கல. என்ன வைக்கலாம், சொல்லுங்க" என்றார்.

பூபதி என்பது நாய். சாவுச் செய்தி சொல்லும்போதே நாய்க்கு என்ன வைப்பது என்று கேட்கிற தெரு அது. கொடைக்கானலுக்கு அப்பால் அந்த மேல்மலைக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. அவரை என் கடையில் வைத்து மட்டும் பார்த்தவர்கள், பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

நான் அவருக்கு உறவு இல்லை. கொடைக்கானல் டவுனில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையை ஒட்டி, நாய் பூனைகளுக்கான உணவுக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். தீவனத் தொழில்நுட்பம் படித்தவன். நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்துச் சலித்துப்போய் ஊருக்குத் திரும்பி வந்தவன். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது; அதற்கு நேரமும் கிடையாது. சுற்றுலா வந்தவர்கள் தங்கள் நாய்க்குச் சாக்லேட் ஊட்டுவதைப் பார்த்தால் நடுரோட்டில் நின்று திட்டுகிறவன். இப்படிப்பட்டவனிடம்தான் அந்த அம்மா ஒரு மழைநாளில் வந்து சேர்ந்தார்.

இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு சாக்குப் பொதியை வைத்திருந்தார். பொதியிலிருந்து ஒரு தலை நீட்டிக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டியின் தலைபோல நீளமான, சோகமான தலை. கிரேட் டேன். இரண்டு மாதக் குட்டி. இருக்கிற நாய்களிலேயே உயரமான இனம் அது, முடியோ குட்டை. மேல்மலைக் குளிருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. "இத யாரும்மா உங்க தலையில கட்டுனது?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எம்மக. திருப்பூர்ல இருக்கா. பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. இங்க இருக்க வேண்டிய நாய் இல்ல."

"நாந்தான் இங்க இருக்க வேண்டியவள்னு யாரு சொன்னா? அதுக்குத்தான தம்பி இத வாங்கியிருக்கு."

விஷயம் இதுதான். கணவர் இறந்த பின் அவர் தனியாக இருந்தார். அவருடைய பூண்டுக் காடு சோலைக் காடு தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. காட்டுமாடும் பன்றியும் வந்துபோகிற இடம். மகள் அம்மாவைத் திருப்பூருக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தோற்றுப்போய், கடைசியில் ஒரு பேரம் பேசியிருந்தாள். பெரிய நாய் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள். அது நன்றாக வளர்ந்து உன்கூடக் காட்டுக்கு வந்துபோனால், நான் இனி வாயைத் திறக்க மாட்டேன். அது சரிப்பட்டு வராவிட்டால் நீ என்னோடு வந்துவிட வேண்டும். நாயின் வளர்ச்சியில் ஒரு பெண்ணின் இருப்பிடமே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தக் குட்டியைச் சீக்கிரமாகப் பெரிதாக்கிவிட வேண்டும் என்று அவர் துடித்தார்.

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கால்சியம் டானிக் ஒரு பாட்டில், பால் பவுடர் டப்பா, எலும்பு வளர்ச்சிக்கு என்று எவனோ கொடுத்த மாவு ஒரு பொட்டலம். இவற்றோடு கேழ்வரகுக் கூழில் பால் ஊற்றிக் கொடுப்பதாகவும் சொன்னார். நான் டானிக் பாட்டிலை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"இது வேணாம். எதுவுமே வேணாம்."

"பெரிய நாய்னா எலும்பும் பெருசுல்ல? கால்சியம் கூட வேணாமா?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. படித்தவர்களும் கேட்கிறார்கள். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அவர் பெயரைச் சொல்லி எழுதுவதில் யாருக்காவது உபயோகம் இருக்கட்டும். பெரிய இனக் குட்டியின் முதல் ஆபத்தே வேகமான வளர்ச்சிதான். உடம்பு எடை போடுகிற வேகத்துக்கு எலும்பு இறுகாது. கூடுதலாகக் கால்சியம் கொடுத்தால், வேண்டாததை வெளியே தள்ளத் தெரியாத வயது அது. வருவதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். மெதுவாக வளர்த்தால் நாய் சின்னதாகப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். எவ்வளவு உயரம் என்பது பிறப்பிலேயே முடிவானது. நாம் தீர்மானிப்பது அந்த உயரத்துக்கு எவ்வளவு பதமாகப் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும்தான். பையின் மேல் 'பெரிய இன நாய்க்குட்டிகளுக்கானது' என்று தெளிவாக எழுதியிருக்கிற உணவாகப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் 'நாய்க்குட்டி உணவு' என்பது வேறு. நூறு கிராமில் கால்சியம் ஒரு கிராமை ஒட்டி இருக்க வேண்டும், ஒன்றரையைத் தாண்டக்கூடாது. பாஸ்பரஸ் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட உணவு கொடுத்தால் வேறு டானிக் தேவையே இல்லை.

"வீட்டுச் சோறு போடவே கூடாதா?" என்றார்.

"போடலாம். சரியான அளவுல கலக்கத் தெரியணும். இந்தச் சாதிக்கு, இந்த வயசுல, நானே துணிய மாட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வாய்க்கு எவன் பொண்ணு குடுக்கப் போறானோ" என்று சொல்லிவிட்டு ஒரு மூட்டை வாங்கிக்கொண்டார். பழைய கூழோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றச் சொன்னேன். மாற்றினார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றிப் போகும் ஊர் வண்டி திரும்புகிற வழியில் கடையில் நின்று அவருடைய மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அடுத்த சண்டை பூண்டால் வந்தது. ஐப்பசி மழையில் குட்டிக்குச் சளி பிடித்திருக்கிறது. சோர்ந்து கிடந்தது என்று கொண்டுவந்தார். பக்கத்து மருத்துவமனை டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"பூண்டுப் பால்தாங்க. நல்லா நசுக்கிப் போட்டுக் காய்ச்சி, மூணு வேளையும்."

மேல்மலையில் மனிதனுக்கு எது வந்தாலும் முதலில் பூண்டுப் பால்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, வாயுவுக்குப் பூண்டு, சளிக்குப் பூண்டு. வேறு ஊரில் இந்தத் தவறு நடந்தால் ஒன்றிரண்டு பல்லோடு நின்றிருக்கும். அங்கே பானை பானையாக நடக்கும். நான் டாக்டரை முந்திக்கொண்டு, "பூண்டு நாய்க்கு விஷம்மா. ரத்தத்த உடைச்சிரும்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பரிசோதனை அறையில் இருந்த இன்னும் இரண்டு மேல்மலைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே, எதப் பாத்து விஷங்குற? எங்க பூண்டு சாமிக்குப் படைக்கிற பூண்டு" என்றார் அம்மா.

"சாமிக்குப் படைங்க. நாய்க்கு ஆகாது."

"சாமிக்கு ஆகுறது நாய்க்கு ஆகாதா? சாமியவிட இவன் ஒசத்தியோ?"

"சாமி சாப்பிட்டு ரத்தப் பரிசோதனைக்கு வந்ததில்லம்மா."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. ஆனால் ஊசி போட்டு முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்று, "வெங்காயம்?" என்று மட்டும் கேட்டார். அதுவும் கூடாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் கையால் அந்தக் குட்டிக்குப் பூண்டு போகவில்லை. கோபப்பட்டாலும் காதில் வாங்கிக்கொள்கிறவர் அவர். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் இஷ்டப்படி செய்கிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இவர் எவ்வளவோ மேல்.

இவ்வளவும் செய்தும் கணக்கு உதைத்தது. நான் எழுதிக்கொடுத்த அளவுக்கு அந்தக் குட்டி ஏற வேண்டிய எடை ஒன்று. அது ஏறிய எடை வேறு. கிராமத்தில் பூண்டு மூட்டை நிறுக்கும் தராசில் அதை உட்காரவைத்து எடை பார்த்துப் போனில் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அதிகம். தராசைச் சந்தேகப்பட்டு, குட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். தராசு சரியாகத்தான் இருந்தது. விலாவில் கைவைத்துத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். தடித்த போர்வையைத் தடவுவதுபோல இருந்தது. அதைவிட மோசம், முன்னங்கால்கள். மணிக்கட்டுக்குக் கீழே பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கால் வளையத் தொடங்கியிருந்தது.

"நான் குடுத்த அளவுதான் போடுறீங்களா?"

"அதேதான். டம்ளர் மாறல."

"அளவு அதேதான்னா இந்த எடை வராது. நீங்க எதையோ மறைக்கிறீங்க."

"பொய் சொல்றேங்குறீங்களா?"

"ஆமா."

அவர் குட்டியைத் தூக்க முயன்றார். முடியவில்லை, அவ்வளவு கனம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இதே எடை இன்னும் சில வாரம் ஏறினால் காலைத் திருப்புவது கஷ்டம் என்றார். எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஒரு கணக்கு தப்பினால் எங்கே தப்பியது என்று தெரியாமல் என்னால் சாப்பிட முடியாது. கடை விடுமுறையன்று அவர் ஊர் வழியாக மன்னவனூர் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் விலகவில்லை. அவர் வீடு தெருவின் கடைசியில். நான் தெருமுனையில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோதே எதிரில் பூபதி வந்தான். முதுகில் பழைய ஸ்வெட்டரை வெட்டித் தைத்த சட்டை. அவசரமே இல்லாமல் முதல் வீட்டு வாசலில் நின்றான். கதவு திறந்தது. ஒரு அம்மா கிண்ணத்தில் பால் விட்ட இட்லியை வைத்துவிட்டு, "வெள்ளனே வந்துட்டியா ராசா?" என்றார். அடுத்த வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுத் தலையும். அதற்கடுத்த வீட்டில் முத்துலட்சுமி அக்கா தேநீரில் நனைத்த பிஸ்கட் வைத்திருந்தார். ராமையா மாமா என்று எல்லோரும் கூப்பிடுகிற பெரியவர் அவித்த முட்டையை உரித்துத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பூபதி ஒரு வீட்டையும் விடவில்லை. வரி வசூலிக்க வந்த அதிகாரி மாதிரி ஒழுங்காகப் போனான். அவனுக்குக் கொஞ்சம் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் தடுக்காமல் பொன்னுத்தாயி அம்மா நடந்து வந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நின்றார். "கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார்.

"இதச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நிறுத்தும்பீங்க."

"ஆமா. நிறுத்தத்தான் வேணும்."

வீட்டுக்குள் கூட்டிப்போய் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து வரக்காப்பி கொடுத்தார். பிறகு சொன்னார். முந்தைய வருடம் காட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் கிடந்திருக்கிறார். மகள் வந்து கொஞ்ச நாள் இருந்தாள்; வேலை போய்விடும் என்று திரும்பினாள். பிறகு பார்த்துக்கொண்டது இந்தத் தெரு. காலையில் ஒரு வீட்டுச் சோறு, மத்தியானம் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. குளிப்பாட்டிவிட்டது முத்துலட்சுமி. இவர் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சியது ராமையா.

"அந்தக் கைங்கதான் தம்பி இப்ப இவனுக்கு வைக்கிது. எனக்குப் போட்ட சோத்த வேணாம்னு ஒருநாள் சொன்னதில்ல. இவனுக்குப் போடுறத மட்டும் போடாதீங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல?"

"சொல்லலன்னா கால் போயிரும். கால் போனா உங்க மக வந்து நிப்பாங்க. நீங்க திருப்பூர். எது வேணும்னு முடிவு பண்ணிக்கங்க."

"எனக்கு ரெண்டும் வேணும்."

"ரெண்டும் நடக்காது."

"நடக்காதுன்னு சொல்றதுக்கா அத்தன வருசம் படிச்சீங்க?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் நான் சொன்னது சரிதான். இப்போதும் அதையே சொல்வேன். இன்னின்ன உணவு கூடாது, மொத்த அளவு இவ்வளவுதான் என்பதில் மாற்றமே இல்லை என்று திரும்பவும் சொல்லிவிட்டு மதியப் பஸ்ஸில் டவுனுக்குத் திரும்பிவிட்டேன். அந்தக் குட்டி தேறாது என்றுதான் நினைத்தேன்.

அடுத்து நடந்ததை முத்துலட்சுமி அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் விடிந்ததும் பொன்னுத்தாயி அம்மா அன்றைக்கு உண்டான உணவை அளந்து ஒரு முறத்தில் கொட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, ஒரு கைப்பிடி எடுத்து அவர்கள் கிண்ணத்திலேயே போட்டிருக்கிறார். போட்டுக்கொண்டே சொன்னது இது:

"பூபதிக்குக் கால்ல கோளாறாம். டாக்டரு இந்த மருந்துச் சோத்தத்தான் திங்கணும்னு எழுதிக் குடுத்துட்டாரு. எங்கையால வெச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறான். நீங்க வெச்சாத்தான் திங்குறான். கொஞ்ச நாளைக்கு இத மட்டும் உங்க கையால வெச்சு அவனக் காப்பாத்திக் குடுங்க."

சுத்தப் பொய். அந்த நாய் யார் கையால் வைத்தாலும், கை வைக்காவிட்டாலும் தின்னும். ஆனால் ஒரு வீட்டிலும் மனம் நோகவில்லை. வேண்டாம் என்று யாரையும் தடுக்கவில்லை அவர், உதவி கேட்டார். நாய்க்கு இட்லி வைத்த அதே அம்மா, வேளை தவறாமல் மருந்துச் சோறு வைக்கிற பொறுப்பாளி ஆகிவிட்டார். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பிஸ்கட் நீட்டினால் விரட்டுகிற காவலும் அந்தத் தெருக்காரர்களே ஆனார்கள். காலையில் பாதி வீடுகள், சாயங்காலம் மீதி வீடுகள் என்று அவர்களுக்குள்ளேயே பிரித்துக்கொண்டார்கள். நான் போனில் கேட்டுவிட்டு அளவைச் சரிபார்த்தேன். ஒரு கிராம் உதைக்கவில்லை. சிறு சிறு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது அந்த இனத்தின் வயிற்றுக்கும் நல்லது. ஒரே மூச்சில் நிறையத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்கிற சாதி அது.

ராமையா மாமா மட்டும் அடங்கவில்லை. மருந்துச் சோற்றுக்கு மேல் முட்டையை ஒளித்து வைத்துக் கொடுத்திருக்கிறார். இது தெரிந்ததும் பொன்னுத்தாயி அம்மா சண்டைக்குப் போகவில்லை. "முட்ட குடுங்க மாமா, யாரு வேணாங்குறா. ஆனா முட்ட குடுத்த அன்னிக்கு ஒங்க பிடியில பாதியக் கொறைச்சிருங்க. அந்தக் கணக்கு ஒங்களுக்குத்தான் தெரியும், எனக்கென்ன தெரியும்" என்றிருக்கிறார். ராமையா மாமா அதற்குப் பிறகு முட்டை கொடுக்கிற நாளில் அவரே பாதியை எண்ணிக் குறைத்தார். ஒருநாள் எனக்குப் போன் போட்டு, முட்டையின் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டா என்று கேட்டார்.

"பொய் சொல்லிட்டீங்களேம்மா" என்று நான் அடுத்த தடவை கேட்டேன்.

"சொன்னேன். யாருக்கு என்ன நட்டம், சொல்லுங்க பாப்போம்?"

நான் எடைக் கணக்கை எடுத்துப் பார்த்தேன்.

எடை மெல்ல என் கோட்டுக்குள் வந்தது. கை வைத்தால் விலா தட்டுப்பட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிந்தது. திரும்பியிருந்த பாதங்கள் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக நேராயின. முழுக்க நேராகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று மகளும் கூட வந்திருந்தாள். பூபதி அதற்குள் அம்மாவின் இடுப்பைத் தாண்டி வளர்ந்திருந்தான். மகள் அவனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, நான் இனிமே ஒண்ணும் சொல்லல" என்றாள். "சொன்ன சொல்லு மாறாத. இந்தத் தம்பி சாட்சி" என்றார் அம்மா. அன்றைக்கு அவர் சிரித்ததுபோல நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. எனக்கு ஒரு பை நிறையப் பூண்டு கொடுத்துவிட்டு, "இது நாய்க்கில்ல, ஒங்க வாய்க்கு. அந்தக் கசப்பு போகட்டும்" என்றார்.

பூபதி காட்டுமாட்டை விரட்டினானா என்று கேட்காதீர்கள். முதல் தடவை காட்டுமாட்டைப் பார்த்தபோது அவன் ஓடிவந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் நிற்க முயன்றான் என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவ்வளவு பெரிய உடம்பை ஒரு சேலையில் எப்படி மறைக்க முடியும்? "பயந்தாலும் கொரைக்கிறான்ல, அது போதும். சண்டைக்கா வளத்தேன்" என்பார். குரைப்புச் சத்தம் கேட்டால் பக்கத்துக் காட்டில் ஆட்கள் எழுந்து தகரத்தைத் தட்டுவார்கள். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர் கடைக்கு வரும்போதெல்லாம் பஸ் நேரம் வரும்வரை ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் டவுனில் காட்டேஜ் வைத்திருக்கிற ஒருவர் ராட்வீலர் குட்டியோடு வந்தார். குட்டி உருண்டையாக இருந்தது. வழக்கம்போல நான் என்ன உணவு, எத்தனை வேளை, என்ன அளவு என்று கேட்டுக் கோபமாகிக்கொண்டிருந்தேன். அவர் அளவு சரியாகத்தான் கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"ஒங்க காட்டேஜுல சமையலுக்கு யாரு இருக்கா?"

"முருகன்னு ஒரு பையன்."

"அவன் நல்லவனா?"

"ரொம்ப நல்லவங்க."

"அப்ப அவந்தான்" என்றார் அம்மா.

காட்டேஜ்காரர் முருகனுக்கு அங்கேயே போன் போட்டார். கோழிக் குழம்பு என்று பதில் வந்தது. கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மேல்மலையிலிருந்தும் பெருமாள்மலையிலிருந்தும் குட்டிகளோடு என்னிடம் வந்த பலரை அனுப்பியது பொன்னுத்தாயி அம்மாதான். "அந்தத் தம்பிகிட்டப் போங்க, திட்டுவான், வாங்கிக்கங்க, சொல்றத மட்டும் செஞ்சிருங்க" என்று சொல்லி அனுப்புவாராம். வந்தவர்கள் அதை என்னிடமே சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

செவ்வாய்க்கிழமை போனை வைத்துவிட்டு டாக்டரின் ஜீப்பில் மேலே போனேன். உடலை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். மகள் வந்துகொண்டிருந்தாள். பூபதியைக் காட்டிலிருந்து கூட்டிவர ராமையா மாமா முட்டையோடு போயிருந்தார். முட்டை கையிலேயே இருந்தது, நாய் மட்டும் கூட நடந்து வந்தது. அன்றைக்கு அவன் தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை என்று சொன்னார்கள். அழுது களைத்த வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஆனால் வேளை வந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் கிண்ணத்தோடு வந்து அவன் முன்னால் வைத்துவிட்டுக் காத்து நின்றார்கள். வற்புறுத்தாதீர்கள், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபிறகு முத்துலட்சுமி அக்கா வைத்ததில் கொஞ்சம் தின்றிருக்கிறான்.

மகளுக்கு அவனைத் திருப்பூருக்குக் கொண்டுபோக மனம்தான். லைன் வீட்டில், அந்த வெயிலில், அவனை எங்கே கட்டுவது? தெரு விடவும் இல்லை. அவர்களுக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. பொன்னுத்தாயி அம்மாவும் தன் பங்குக்கு ஒரு பிடி வைப்பார். அதை இனி என்ன செய்வது? மொத்த அளவு மாறக்கூடாது, அதனால் அந்தப் பிடியை மற்ற வீடுகள் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கணக்குப்படி அதுதான் சரி. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ராமையா மாமா, "அத அவ வாசல்லயே வைக்கிறோம் தம்பி. முறை போட்டு வைக்கிறோம். அளவு அதேதான, ஒங்களுக்கு என்ன?" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை. அளவு அதேதான்.

பூண்டுக் காட்டை இந்த வருடம் முத்துலட்சுமி அக்கா குடும்பம் பார்த்துக்கொள்கிறது. பூபதி அவர்களோடு காட்டுக்குப் போய்வருகிறான்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவருடைய இனிமை எனக்கு வரவில்லை, வரப்போவதும் இல்லை. அவர்போல அழகாகப் பொய் சொல்லவும் வராது. நேற்று கவுஞ்சியிலிருந்து கணவனும் மனைவியும் ஒரு செயின்ட் பெர்னார்ட் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எடை கூடுதல். உணவுப் பையை எடுத்துக் காட்ட வந்தார்கள், பையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, "இதுக்கு யார் யாரெல்லாம் ஆசையா வைக்கிறாங்க?" என்று கேட்டேன். மனைவி மாமனாரைச் சொன்னார். கணவன் பக்கத்து வீட்டுச் சித்தியைச் சொன்னார். மாமனார் ஏன் வைக்கிறார், சித்திக்குப் பிள்ளைகள் இல்லை, அவரை எப்படித் தடுப்பது என்று நெடுநேரம் பேசினார்கள். பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பேசி முடிக்கட்டும் என்று விட்டேன். எனக்குப் பொறுமை வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். முதல் கேள்வி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது பொன்னுத்தாயி அம்மாவின் கேள்வி.